சிஸ்டர் என்று கூப்பிட்ட நைனா

நைனாவின் வலது கால் என் மடியில் இருந்தது. டிரெஸ்ஸிங் ரூமின் உயரமான இரும்பு ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார், எதிரே தாழ்ந்த முக்காலியில் நான். பெருவிரலில் சுற்றியிருந்த பழைய வேட்டித் துணியைத் தண்ணீர் விட்டு நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கால் எனக்கு நன்றாகத் தெரிந்த கால். குழித்தறியில் மிதித்து மிதித்துப் பாதம் தட்டையாகி, சுண்டுவிரல் ஒரு பக்கமாக ஒதுங்கிப்போன கால். சின்ன வயதில் தறிக்குழியின் ஓரம் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மேலே கை என்ன செய்கிறது என்பதைவிடக் கீழே இரண்டு கால்களும் மாறி மாறி இறங்குவதுதான் எனக்கு வேடிக்கை. துணியின் கடைசிச் சுற்று புண்ணோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நான் தயங்கினேன். "இஸ்து எடுங்க சிஸ்டரு, வலி இல்ல," என்றார் நைனா. பல வருஷங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. பெற்ற மகளை சிஸ்டர் என்றார், மரியாதையாக 'ங்க' வேறு போட்டார். மகளுக்கு அந்த 'சிஸ்டர்' வலித்தது. நர்ஸுக்கு அந்த 'வலி இல்ல' வலித்தது. எலும்பு தெரியும் அளவுக்குப் புண் இருக்கும்போது ஒருவருக்கு வலிக்கவில்லை என்றால் அது நல்ல சேதி இல்லை.

நைனா ஏன் என்னோடு பேசவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மையார்குப்பத்தில் எங்களுடையது தறி ஓட்டும் குடும்பம். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த வருஷம் நைனா தன் அக்கா மகனுக்கு என்னைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அத்தை மகனான அந்தப் பாவாவின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மெட்ராஸில் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், இடமும் கிடைத்துவிட்டது. அடம் என்றால் அப்படி ஓர் அடம், நைனாவிடமிருந்து வந்த அதே அடம். ஊரார் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆம்பளை உடம்பைத் தொட்டுத் துடைக்கிற வேலை என்றார்கள், ராத்திரியெல்லாம் வெளியே இருக்கிற வேலை என்றார்கள். அம்மா தன் காதுக் கம்மலைக் கொடுத்து என்னை பஸ் ஏற்றிவிட்டாள். நான் போன பிறகு நைனா திருத்தணிக்கு வந்து, சரவணப் பொய்கையில் முழுகி எழுந்து, மலைமேல் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். இனி அவளை மகள் என்று கூப்பிடமாட்டேன், மகளாக நினைத்து ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று. தலைமுழுகுவது என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். நைனா உண்மையாகவே முழுகிவிட்டு வந்தவர்.

அவர் எதையும் பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை. வாக்கு என்றால் அதன் கடைசி எழுத்துவரை வாக்கு. புடவை திங்கட்கிழமை முடியும் என்று சொல்லிவிட்டால் ஜுரத்தோடு உட்கார்ந்தாவது திங்கட்கிழமை முடித்துக் கொடுப்பார். அதனால் அந்தச் சத்தியம் என்றைக்காவது கரையும் என்று நான் நம்பியதே இல்லை. பயிற்சி முடிந்து, இரண்டு ஊர் சுற்றி, கடைசியில் எழுபதுகளின் தொடக்கத்தில் திருத்தணி ஆஸ்பத்திரிக்கே மாற்றலாகி வந்தேன். அம்மா மாதாமாதம் மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். முருகனுக்கு அரைமணி நேரம், எனக்கு இரண்டு மணி நேரம். வரும்போதெல்லாம் நைனாவைப் பற்றி நானாகக் கேட்கமாட்டேன். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பேன். அவள் வேண்டுமென்றே எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பஸ் வரும் நேரத்தில்தான் அவர் பேச்சை எடுப்பாள். அப்படிச் சொல்லித்தான் தெரியும், தறி மிதியின் ஆணி குத்தி அவர் கால் விரலில் புண், மாசக்கணக்கில் ஆறவில்லை என்று.

அரக்கோணத்துக்குப் போயிருக்கலாம், சோளிங்கபுரம் போயிருக்கலாம். நைனா நான் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் வராமல் போய்விடுவாரோ என்ற பயம். அன்றைக்கு டாக்டர் அவருடைய சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். அந்த நாளில் அதற்கு ஒரு நீலத் திரவம் வைத்திருப்போம். சோதனைக் குழாயில் அதை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று போகப்போகச் சர்க்கரை கூடுதல் என்று பொருள். நைனாவுடையது நேராகச் செங்கல் நிறத்துக்குப் போய் நின்றது. பிறகு அவரை மேலே கூரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஒரு குண்டூசி முனையால் பாதத்தில் அங்கங்கே தொட்டேன். "தெரியுதுங்களா?" என்று கேட்டேன். "தெரியல சிஸ்டரு." இன்னும் கொஞ்சம் மேலே தொட்டேன். "இப்ப?" "தெரியல." கணுக்கால் தாண்டித்தான் "ஆங்" என்றார். நம்பாமல் மறுபடி பாதத்திலிருந்து தொட்டுக்கொண்டு வந்தேன். வேறு யாருடைய காலாக இருந்தாலும் ஒரு முறையோடு விட்டிருப்பேன்.

அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை அவர் கால் என் மடிக்கு வந்தது. நான் அவரைப் பெரியவரே என்பேன், அவர் என்னை சிஸ்டரு என்பார். அவருடைய சத்தியத்தில் நர்ஸோடு பேசக்கூடாது என்று இல்லையே! அந்தச் சந்தில் நாங்கள் இரண்டு பேரும் புகுந்துகொண்டோம். ஒரு நோயாளியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பசி எடுக்கிறதா, தூக்கம் வருகிறதா, இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், கண் மங்குகிறதா, மனசு எப்படி இருக்கிறது. மற்றவர்களிடம் அவசரமாகக் கேட்டுத் தள்ளிவிடும் இந்தக் கேள்விகளை நைனாவிடம் மட்டும் ஆற அமரக் கேட்டேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் அம்மா வைத்த குழம்பு தெரிந்துவிடும். தூக்கம் எப்படி என்றால் வீட்டில் என்ன கவலை என்று தெரிந்துவிடும். தங்கைக்கு வரன் வந்தது, கிழக்குச் சுவர் மழையில் விழுந்தது, எல்லாமே அவருடைய தூக்கத்தின் வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது. "தூக்கம் பரவால்ல சிஸ்டரு. சின்னப் பொண்ணுக்குப் பேசி முடிச்சிட்டோம், அத நெனச்சிகினு படுத்தா விடிஞ்சிடுது," என்பார். சின்னப் பொண்ணு என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒரு நோயாளியை அவ்வளவு நுணுக்கமாக விசாரித்த நர்ஸ் நானாகத்தான் இருக்க வேண்டும், அதில் பாதிக்குமேல் வைத்தியத்துக்குச் சம்பந்தமில்லாதது.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இப்போது போல அட்டை கிடையாது. காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுப்போம், எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். டப்பாவை எடுக்கும்போது ஒரு முறை பெயரைப் படிப்பேன், கையில் கொட்டும்போது ஒரு முறை, திரும்ப வைக்கும்போது ஒரு முறை. "பாராயணம் முடிஞ்சுதா சிஸ்டர்?" என்று கம்பவுண்டர் கேலி செய்வார். முடியவில்லை, இன்னொரு முறை படிக்கிறேன் என்பேன். நாம் சரியாகக் கொடுத்தாலும் ஜனங்கள் வீட்டில் செய்வது தனிக் கூத்து. கசக்கிறது என்று வெல்லத்தில் பொதிந்து விழுங்கிய சர்க்கரைக்காரர் உண்டு. மருமகளுக்கும் தலைவலி என்று பாதி உடைத்துக் கொடுத்த மாமியார் உண்டு. நல்லாயிடுச்சு என்று இரண்டாம் நாளே ஆட்டுக்குத் தவிட்டில் கலந்து வைத்தவர்கூட உண்டு. அவர்களையெல்லாம் வாய் ஓயத் திட்டுவேன். எனக்கு நல்ல சிஸ்டர் என்ற பெயர் கிடையாது, காரமான சிஸ்டர் என்றுதான் பெயர்.

நைனாவைத் திட்ட எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார். சர்க்கரை மாத்திரை கொடுத்த முதல் நாள் டாக்டர், ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்றார். நான், சாப்பிடாமல் போடக்கூடாது என்றேன். இரண்டையும் அவர் திருப்பிச் சொல்லிக் காட்டினார். "ஒரு நாளும் உடக்கூடாது. வெறும் வயித்துல போடக்கூடாது. அவ்ளோதானுங்களே?" அவ்வளவுதான் என்றேன். புண் ஆற நாலைந்து மாதம் ஆனது. ஆறிவிட்டது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் சொன்னேன். இனி மாத்திரை வாங்க மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்றும் சொன்னேன். நைனா ஆறின விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வழக்கமான கிழமையில் வந்து நின்றார். "கொஞ்சம் அரிக்கிது சிஸ்டரு, பாருங்க," என்றார். பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அந்தக் காலைச் சுத்தமாகத் துடைத்து, மருந்து தடவி, புதுத் துணி கட்டி அனுப்பினேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணிக்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. ஊர் முழுக்க மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை. ரயில்களில் கூரைவரை ஜனம், ஆந்திரா பக்கமிருந்து வண்டி வண்டியாகக் காவடி. எங்களில் சிலருக்கு அந்த நாட்களில் மலைப்படியில் டூட்டி போடுவார்கள். படிக்கட்டு ஓரம் ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு பானைத் தண்ணீர், மருந்துப் பெட்டி. மயங்கி விழுகிறவர்கள், அலகு குத்திய இடத்தில் ரத்தம் நிற்காதவர்கள், கூட்டத்தில் மிதிபட்டவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். இத்தனை பேர் அருள் வந்து ஆடும் இடத்தில் யாருக்குச் சாமி வந்திருக்கிறது, யாருக்கு உடம்பு கெட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அங்கே எங்கள் வேலையில் பாதி. அருள் வந்தவர்களின் உடம்பு கொதிக்கும், கால் உறுதியாக ஊன்றும், பம்பை நின்றால் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடுவார்கள். மற்றதெல்லாம் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். தொடாமல் தூர நின்று யாரையும் கணிக்கக் கூடாது என்பதை நான் மலையில்தான் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

அதற்கு முந்தைய வாரமே நைனாவிடம் கேட்டிருந்தேன், கிருத்திகைக்கு விரதம் உண்டா என்று. "ஆங், வேண்டுதல் கீது," என்றார். வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது, ஞாபகம் இருக்கட்டும் என்றேன். "வெறும் வயித்துல போடமாட்டேன் சிஸ்டரு," என்று உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார். நைனா சொன்னால் சொன்னதுதான், அதனால் நிம்மதியாக இருந்தேன்.

உச்சிவெயில் நேரத்தில் படியில் கூச்சல் கேட்டது. ஒரு பெரியவருக்குச் சாமி வந்துவிட்டது, வாக்குச் சொல்கிறார் என்று ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. பூக்காவடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நைனா நின்றிருந்தார். பக்கத்தில் அம்மா, கண்ணெல்லாம் நீர். ஒரு கிழவி அவர் காலில் விழுந்து பேரனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். நைனா சிரித்தார். நான் பார்த்தே இராத ஒரு சிரிப்பு, குழந்தைச் சிரிப்பு. பம்பைக்காரர்கள் எப்போதோ மேலே போய்விட்டார்கள், ஆனாலும் அவர் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. அப்போது அவர் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பெரிய பாப்பா," என்றார்.

 வீட்டில் நைனா எனக்கு வைத்த பெயர் அது. நைனாவைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அவர் கூப்பிடுவதை நிறுத்திய பிறகு அந்தப் பெயரே இல்லாமல் போயிருந்தது. "கிட்ட வாடி. இன்னா இப்டி எளச்சிட்ட? வேளைக்குத் துன்றியா? ஆஸ்பத்திரி சோறு உனுக்கு ஒத்துக்குதா?" நாக்கு குழறியது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. அவர் கையை நீட்டினார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கை பானையின் வெளிப்பக்கம் போலச் சில்லென்று இருந்தது. வெயிலில் மலையேறி வந்தவரின் முதுகில் குளிர்ந்த வேர்வை முத்துமுத்தாக நின்றது. மணிக்கட்டில் விரல் வைத்தேன், நாடி தாறுமாறாக ஓடியது. கண்மணி விரிந்திருந்தது. மகளாக ஓடியவள் அந்த இடத்திலேயே நர்ஸாகிவிட்டேன். அருள் வந்தவர்கள் சாமியாகப் பேசுவார்கள், எல்லாரையும் பிள்ளை என்பார்கள். இவர் நைனாவாகப் பேசுகிறார். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர், எழுத்துத் தவறாதவர், சத்தியத்தை மறந்து என்னிடம் கொஞ்சிப் பேசுகிறார். ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிப்போனால் ஆள் தன் இயல்பு மாறிப் பேசுவார் என்று நான் படித்திருக்கிறேன். எத்தனையோ பேரிடம் பார்த்தும் இருக்கிறேன். நைனா என்னிடம் அன்பாகப் பேசியதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான நோய்க்குறி.

அவரைப் பெஞ்சில் உட்கார்த்தி, தம்ளரில் குளுக்கோஸ் கரைத்தேன். பின்னால் நின்ற கூட்டம் சத்தம் போட்டது. "சாமி வாயில இன்னாத்த ஊத்தற? வெரதம் கெட்டுப்பூடும்!" கூட்டத்தைச் சமாளித்துவிடுவேன், எனக்கு வாய் உண்டு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டதைத்தான் சமாளிக்க முடியவில்லை. "இருடி," என்றாள், கெஞ்சுகிற குரலில். "பேசட்டும் உடுடி. இத்தினி வருசம் கழிச்சிப் பேசறாரு. செத்த நேரம் பேசட்டும்டி." நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய பாப்பா, நான் உன்ன தலமுழுகன அன்னிக்கி..." என்று ஆரம்பித்தார். கரண்டி என் கையில் இருந்தது. அந்த வாக்கியத்துக்காக நான் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன் என்று யாரிடம் சொல்ல? இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் மீதியும் வந்துவிடும். ஆனால் அடுத்து வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம், நினைவு தப்பிவிட்டால் வாய்வழி ஒன்றும் கொடுக்க முடியாது. விழுங்கும் நிலையில் இருக்கும்போதே கொடுத்தாக வேண்டும். "அம்மா, கைய உடு," என்றேன். "இது நைனா பேசல. சக்கர இல்லாத ரத்தம் பேசுது." முதல் கரண்டியை ஊற்றி, தொண்டை அசைகிறதா என்று பார்த்தேன். அசைந்தது. அடுத்த கரண்டி. அதற்கடுத்தது. பேச வந்த வாயை நானே என் கையால் நிரப்பினேன்.

தம்ளர் காலியானதும் நடுக்கம் குறைந்தது. நெற்றி வேர்வை நின்றது. சிரிப்பு மெல்ல வடிந்து, முகம் பழைய முகமாக இறுகுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எத்தனையோ பேரைத் தேற்றியிருக்கிறேன். ஒருவர் தேறுவதைப் பார்த்து அழுதது அன்று மட்டும்தான். நைனா சுற்றிலும் பார்த்தார், என் கைக்குள் இருந்த தன் கையைப் பார்த்தார், மெதுவாக எடுத்துக்கொண்டார். "தண்ணி குடுங்க சிஸ்டரு," என்றார்.

அந்த மாத்திரையின் வேலை ஒரு தம்ளர் குளுக்கோஸோடு முடிந்துவிடாது, மறுபடி சர்க்கரையை இறக்கிவிடும். அதனால் கீழே கொண்டுபோய் வார்டில் படுக்க வைத்து, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் வரை வைத்திருந்தோம். காவடியை அம்மா எடுத்துப்போய்ச் செலுத்திவிட்டு வந்தாள். விரதத்தில் மாத்திரை போட்டீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு நைனாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வெரதத்துல எப்டிங்க போடுவேன்? வெறும் வயித்துல கூடாதுன்னு சிஸ்டரு சொல்லிக்கிறாங்க. நாளும் தவறக்கூடாதுன்னு நீங்க சொல்லிக்கிறீங்க. அதான் முந்தின நாளு சாயங்காலமே நல்லா துன்னுட்டு, அன்னிக்கி மாத்திரையும் மறுநாள் மாத்திரையும் சேத்துப் போட்டுகினேன்." டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் சொல்லும் தவறவில்லை, சிஸ்டர் சொல்லும் தவறவில்லை, முருகனுக்கு வேண்டியதும் தவறவில்லை. யாரை என்னவென்று திட்டுவது? அன்றிலிருந்து விரதம் இருக்கும் சர்க்கரைக்காரர் யார் வந்தாலும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, "நீங்க விரதம்னா மாத்திரையும் விரதம். முன்னாடியும் சேத்துப் போடாதீங்க, பின்னாடியும் சேத்துப் போடாதீங்க," என்று சொல்லி அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அது ஊரில் பரவி, பஸ்ஸில் போகும்போது முன்பின் தெரியாத ஒரு பெண் பக்கத்து சீட்டுக்காரிக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது நைனா கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார். "மலையில நான் ஏதாச்சும் பேசனேனா சிஸ்டரு?"

நோயாளி நினைவு தடுமாறிப் பேசியதை அவரிடமே திருப்பிச் சொல்லிக் கூசவைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். சத்தியம் செய்த மனிதர், சத்தியம் போய்விட்டது என்று தெரிந்தால் என்ன ஆவார் என்றும் நினைத்தேன். "ஒண்ணும் பேசலைங்க பெரியவரே," என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கடைசிப் பொத்தான் வெகுநேரம் துளைக்குள் போகவில்லை.

அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் வந்தார். பசி, தூக்கம், கண், கால். நான் அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டபோது நைனா கல்யாணத்துக்கு வரவில்லை. அடுத்த முறை மாத்திரை வாங்க வந்தபோது தூக்கம் எப்படி என்று கேட்டேன். "இந்த வாரம் நல்ல தூக்கம் சிஸ்டரு," என்றார். அதை என் கல்யாணத்துக்கு அவர் செய்த ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் தறியில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நேரமில்லை. நான் போனபோது நாடி பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பிடித்துப் பார்த்தேன்.

இப்போது எனக்கும் சர்க்கரை இருக்கிறது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் சின்ன மெஷின் எண்ணைக் காட்டிவிடுகிறது. நீலம், பச்சை, செங்கல் எதுவும் இல்லை, யாருடைய மடியிலும் யாருடைய காலும் இல்லை. என் மகள் வெளியூரிலிருந்து போனில், "சுகர் எவ்ளோம்மா?" என்று கேட்கிறாள். எண்ணைச் சொன்னால் சரி என்று வைத்துவிடுகிறாள். நல்ல பெண்தான். ஆனால் சில நாட்களில், தூக்கம் எப்படி, பசி எப்படி, மனசு எப்படி என்று யாராவது வேலைமெனக்கெட்டு என்னைக் கேட்கமாட்டார்களா என்று இருக்கிறது. நைனா என்ன ஏக்கத்தில் ஆறிப்போன காலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார் என்பது இந்த வயதில் நன்றாகப் புரிகிறது. அந்த வாக்கியத்தின் மீதி என்னவாக இருக்கும் என்று நானே எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்திருக்கிறேன். தலைமுழுகிய அன்றைக்கு அழுதேன் என்று ஒரு முறை, உன்னை நினைத்துச் சாப்பிடவில்லை என்று ஒரு முறை. சில சமயம் அது கோபமாகக்கூட இருந்திருக்கலாம் என்றும் நினைப்பேன். கோபமானாலும் பரவாயில்லை, மகளிடம் கோபித்ததாகத்தானே இருக்கும்!

நைனா போய்ச் சில வருஷம் கழித்து அம்மா என்னோடு வந்து இருந்தாள். ஒரு சாயங்காலம் அவளுடைய ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். ஒன்றுதானா என்று கேட்டாள். ஒன்றுதான், ஒருபோதும் சேர்த்துப் போடாதே என்று வழக்கம்போல அதட்டினேன். அம்மா மாத்திரையை விழுங்காமல் உள்ளங்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நைனாவும் சேத்துப் போடப் பாத்தாரு," என்றாள். "மலையில உன்கிட்ட பேசனாரே, அதுக்கு மறு வருசம். கிருத்திகைக்கு மொத நாளு. நீ அத்தினி தடவ சொல்லி அனுப்பிக்கிற, மாத்திரையும் வெரதம்னு. தெரிஞ்சே எடுத்து வெச்சிகினு உக்காந்துகினு இருந்தாரு. இன்னாயா இதுன்னேன். 'இத்தப் போட்டாத்தான் பெரிய பாப்பாகிட்ட வாயி தொறக்குது. பேச்சு பாதியில நிக்குதுமே, மீதியச் சொல்லிட்டு வந்துடறேன்'னாரு. நான்தான் கையத் தட்டி உட்டுட்டேன்."

மீதி என்னவென்று அவளிடமும் அவர் சொல்லவில்லை.  வாயில் வந்தது நர்ஸின் கேள்விதான்.

"எத்தினி எடுத்து வெச்சிருந்தாரும்மா?"

"ரெண்டு பத்தாதுன்னு மூணு," என்றாள் அம்மா.